கிராமத்துச் சபைக்குப் போகிறவர்களுக்கு: வாசகர் கேள்விகள், அக்கா பதில்கள்

போன இதழில் ஒரு பதிலுக்கு நடுவில், தேன்கனிக்கோட்டை தாண்டி உள்ளே இருக்கும் ஒரு சின்ன கிறிஸ்தவச் சபைக்கு எங்கள் பெண்கள் ஐக்கியத்தார் போய்வந்ததைப் பற்றி நாலு வரி எழுதியிருந்தேன். அதற்கு இவ்வளவு கடிதம் வரும் என்று நினைக்கவில்லை. பெங்களூர் தமிழ்ச் சபைகளில் இத்தனை பேருக்குக் கிராமத்துச் சபைகள் மேல் பாரம் இருக்கிறது என்று தெரிந்ததே எனக்குப் பெரிய சந்தோஷம். அதனால் இந்த மாதம் குடும்பம், வேலை, படிப்பு பற்றிய கேள்விகளை எல்லாம் அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு இதற்கு மட்டும் எழுதுகிறேன்.

அக்கா, ஸ்தோத்திரம். நாங்கள் எட்டு வாலிபர்கள், எல்லோருக்கும் ஐடி வேலை. வரும் ஏப்ரல் இரண்டாம் வாரம் ஓசூருக்கு அப்பால் நாலைந்து சபைகளில் மூன்று நாள் வி.பி.எஸ். (பிள்ளைகளுக்கான விடுமுறை வேதாகமப் பள்ளி), கடைசி நாள் ராத்திரி இசைக் கூட்டம் என்று திட்டம் போட்டிருக்கிறோம். கீபோர்டு, ஸ்பீக்கர் எல்லாம் கையில் இருக்கிறது. எங்கே ஆரம்பிக்கலாம்?
*வாசகர், எலக்ட்ரானிக் சிட்டி*

ஸ்தோத்திரம் தம்பி. முதலில் தேதியை மாற்றுங்கள். ஏப்ரல் இரண்டாம் வாரம் நம் பெங்களூர் பள்ளிகளுக்கு லீவு விட்டுவிடுவார்கள், ஆனால் அத்திப்பள்ளியைத் தாண்டி ஜூஜுவாடிக்குள் நுழைந்தால் அது தமிழ்நாடு, அங்கே பிள்ளைகள் அப்போதுதான் ஆண்டுப் பரீட்சை எழுதிக்கொண்டிருப்பார்கள். ஒரு வருஷம் நாங்களே இதைக் கவனிக்காமல் தேதி வைத்துவிட்டோம். அந்த ஊர்ச் சபையை நடத்துகிற உபதேசியாருக்கு விஷயம் தெரியும், ஆனாலும் எங்கள் மனசு நோகக் கூடாது என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. மறுநாள் கணக்குப் பரீட்சை எழுத வேண்டிய பிள்ளைகள் எங்களுக்காக வந்து உட்கார்ந்து கை தட்டிப் பாடினார்கள். அது எங்களுக்குத் தெரிந்தது அடுத்த வருஷம்தான், அதுவும் ஒரு பையனின் அம்மா பேச்சுவாக்கில் சொன்னதால்.

அவர்கள் வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள், தம்பி. இதை மட்டும் நன்றாக மனசில் வைத்துக்கொள்ளுங்கள். ஊருக்கு விருந்தாளி வந்தால் வேண்டாம் என்று சொல்கிற பழக்கம் அங்கே கிடையாது, அதிலும் பெங்களூரிலிருந்து, படித்தவர்கள், ஆண்டவர் பேரால் வருகிறவர்கள் என்றால் கேட்கவே வேண்டாம். ஆகவே அவர்கள் சரி என்று சொன்னதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள்.

ஆரம்பம் எங்கே என்று கேட்டீர்கள். ஒரே ஒரு ஊரை எடுத்துக்கொள்ளுங்கள், நாலைந்து வேண்டாம். ஒரு சாதாரண ஞாயிற்றுக்கிழமை, பண்டிகை எதுவும் இல்லாத நாளாகப் பார்த்து, இரண்டு பேர் அல்லது மூன்று பேர், கையில் வேதப்புத்தகம் தவிர வேறு எதுவும் இல்லாமல் பஸ்ஸில் போங்கள். ஆராதனை ஒன்பது மணிக்கு என்று போர்டில் எழுதியிருந்தாலும் பல ஊர்களில் பதினொன்று ஆகிவிடும், ஏனென்றால் காலையில் பால் கறந்து சொசைட்டியில் ஊற்றிவிட்டு, மாட்டைக் கட்டிவிட்டு, குளித்து வர வேண்டும். பூத்தோட்டத்துக்குக் கூலிக்குப் போகிறவர்களுக்கு ஞாயிறும் வேலை நாள்தான், அவர்கள் பாதியில் வந்து பின்னால் உட்காருவார்கள். நீங்களும் பாயில் உட்காருங்கள். பிரசங்கம் செய்யச் சொல்வார்கள், "இன்றைக்குக் கேட்கத்தான் வந்தோம் ஐயா" என்று சொல்லிவிடுங்கள்.

அங்கே நடப்பதைக் கவனித்தால் உங்களுக்கே புரியும். சேகர குருவுக்குப் பல ஊர் இருக்கும், அவர் மாதத்துக்கு ஒரு தடவை வந்து திருவிருந்து கொடுத்துவிட்டுப் போவார். மற்ற ஞாயிறுகளில் ஆராதனை நடத்துவது, ராத்திரி பன்னிரண்டு மணிக்குக் காய்ச்சல் என்று கூப்பிட்டால் ஜெபிக்கப் போவது, சாவு விழுந்தால் குழி வெட்ட ஆள் கூப்பிடுவது, புருஷன் பெண்டாட்டி சண்டையை விலக்குவது, எல்லாம் உபதேசியார். அவர் வீட்டம்மா ஞாயிறு பள்ளி நடத்துவார். உபதேசியாருக்குக் கிடைக்கும் சம்பளத்தை உங்கள் சம்பளத்தோடு சேர்த்துச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. இப்போது எட்டுப் பேர் கீபோர்டோடு போய் இறங்கி, பாட்டும் நீங்கள், ஜெபமும் நீங்கள், பிரசங்கமும் நீங்கள் என்றால் அவர் ஓரத்தில் நாற்காலி எடுத்துப் போட்டுக்கொண்டிருப்பார். நீங்கள் போன அடுத்த ஞாயிறு அதே பிள்ளைகள் அதே உபதேசியாரைப் பார்த்து, "அந்த அண்ணன்மாரு எப்ப வருவாங்க?" என்று கேட்பார்கள். இது அவருக்கு எவ்வளவு வலிக்கும் என்று அவர் சொல்ல மாட்டார்.

வி.பி.எஸ். வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, நல்ல காரியம்தான். ஊரில் பிளஸ் டூ முடித்துவிட்டு வீட்டில் இருக்கும் இரண்டு மூன்று பெண்பிள்ளைகள் கட்டாயம் இருப்பார்கள். மூன்று சனிக்கிழமை போய் அவர்களுக்குப் பாட்டும் கதையும் கைவேலையும் சொல்லிக் கொடுங்கள். மே மாதம் அவர்கள் நடத்தட்டும், நீங்கள் பின்னால் உட்கார்ந்து சார்ட் பேப்பர் வெட்டிக் கொடுங்கள், ரஸ்னா கலக்குங்கள். அடுத்த வருஷம் நீங்கள் வராமலே அவர்கள் நடத்தினால் அந்த ஊரில் வி.பி.எஸ். வேரூன்றிவிட்டது. இசைக் கூட்டத்தை இப்போதைக்கு விட்டுவிடுங்கள்.

எனக்கு 61 வயது. பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். முட்டி வலி, பாட வராது, மேடையில் பேசவும் பயம். ஊழியத்துக்கு ஆசை இருக்கிறது, ஆனால் என்னைப் போன்றவர்களால் கிராமத்துச் சபைக்கு என்ன பிரயோஜனம்?
*வாசகி, லிங்கராஜபுரம்*

டீச்சர், உங்களைத்தான் தேடிக்கொண்டிருக்கிறோம். பாட ஆள் நிறைய உண்டு, ஃபாரம் நிரப்ப ஆள் இல்லை.

ஒரு சின்ன சபையில் ஒரு பிள்ளை பிளஸ் டூ பாஸ் பண்ணினால் அந்த வீட்டில் அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று யாருக்கும் தெரியாது. எந்தக் காலேஜ், எந்த ஸ்காலர்ஷிப், எந்தத் தேதிக்குள், என்ன சான்றிதழ்? சான்றிதழ் விஷயத்தில் நம் ஜனங்களுக்குப் பெரிய குழப்பம் உண்டு. 1950-ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணையின்படி எஸ்.சி. பட்டியல் முதலில் இந்துக்களுக்கு மட்டும் இருந்தது, 1956-ல் சீக்கியரையும் 1990-ல் பௌத்தரையும் சேர்த்தார்கள், கிறிஸ்தவர்களை இன்றுவரை சேர்க்கவில்லை. தமிழ்நாட்டில் ஆதிதிராவிடராக இருந்து கிறிஸ்தவரானவர்களுக்குப் பி.சி. சான்றிதழ்தான். இது நியாயமா என்று கேட்டால் இல்லை என்றுதான் சொல்வேன், ஆனால் பிள்ளையை காலேஜில் சேர்க்கிற ஜூன் மாதத்தில் அந்த வாதம் உதவாது. எது கிடைக்கும், எதற்கு மனுப் போட்டால் வீண் அலைச்சல் என்று பொறுமையாகச் சொல்ல ஒரு டீச்சர் வேண்டும். இதற்கு நீங்கள் பஸ் ஏறக்கூட வேண்டாம். வாரம் ஒரு சாயங்காலம் போனில் இருந்தால் போதும்.

இன்னொன்று, வாசிப்பு. வயதான பெண்கள் பலர் வேதத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள், சிலருக்கு எழுத்து தெரியாது, சிலருக்கு எழுத்து தெரிந்தும் கண் தெரியாது. எங்கள் சங்கத்தில் ஒருவர் இதைக் கவனித்து, ஓசூரில் ஒரு கண்ணாடிக் கடைக்காரரைக் கூட்டிக்கொண்டு போய்ப் பன்னிரண்டு பேருக்குப் படிக்கிற கண்ணாடி போட்டுக் கொடுத்தார். பெரிய எழுத்து வேதாகமம் நம் எம்.ஜி. ரோட்டில் வேதாகம சங்கத்தின் தலைமை அலுவலகத்திலேயே கேட்கலாம். ஒரு பாட்டி கண்ணாடி போட்டுக்கொண்டு 23-ஆம் சங்கீதத்தைத் தானே எழுத்துக் கூட்டி வாசித்ததை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். அதுவரை அவர் அதை மனப்பாடமாகத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்.

மேடைப் பயத்தைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். பாளையங்கோட்டையில் 1780-ல் சபைப் பதிவேடு தொடங்கியபோது அதில் இருந்தது நாற்பது பேர், அந்தச் சின்ன சபையைத் தாங்கிப் பிடித்தவர் குளோரிந்தா என்கிற விதவை. அவர் முயற்சியில் 1785-ல் கட்டிய ஆலயத்தை ஊர் ஜனங்கள் பாப்பாத்தியம்மாள் கோவில் என்றே சொன்னார்கள். அவர் குருப்பட்டம் பெற்றவரா? வீட்டில் இருந்த ஒரு பெண்மணிதான். திருநெல்வேலித் திருச்சபைக்கு ஆரம்பம் அங்கேதான் இருக்கிறது, டீச்சர்.

நாங்கள் போன ஊரில் பாதிப் பேர் வீட்டில் தெலுங்கு பேசுகிறார்கள், சிலர் கன்னடம். தமிழில் பாடினோம், தலையாட்டினார்கள், எவ்வளவு புரிந்தது என்று தெரியவில்லை. தமிழ்நாட்டு எல்லைக்குள் இருக்கிற ஊர்தானே, தமிழே போதாதா?
*வாசகர், மர்பி டவுன்*

போதாது. தளி, தேன்கனிக்கோட்டை, ஓசூர்ப் பக்கமும், இந்தப் பக்கம் பங்காரப்பேட்டை, மாலூர்ப் பக்கமும் ஒரே தெருவில் மூன்று பாஷை புழங்கும். கடையில் ஒன்று பேசுவார்கள், வீட்டில் ஒன்று, ஜெபத்தில் ஒன்று. ஒரு அம்மாள் அழுதுகொண்டே ஜெபிக்கும்போது எந்த பாஷை வருகிறது என்று கவனியுங்கள், அந்த பாஷையில் நாலு பாட்டாவது கற்றுக்கொண்டு போங்கள். பெங்களூரில் வளர்ந்த நமக்குக் கன்னடம் வாயில் இருக்கிறது, தெலுங்கும் காதில் விழுந்துகொண்டே இருக்கிறது, சாக்குச் சொல்ல இடமில்லை.

நம் முன்னோர் இதைவிடக் கஷ்டப்பட்டிருக்கிறார்கள். 1903-ல் திருநெல்வேலியில் நம் ஜனங்கள் தங்கள் காசில் இந்திய மிஷனரி சங்கத்தை ஆரம்பித்து, தெலுங்கு நாட்டில் தோர்ணக்கல்லுக்கு ஆள் அனுப்பினார்கள். வெள்ளாளன்விளையில் பிறந்த வேதநாயகம் அசரியா அங்கே போய்த் தெலுங்கு கற்றுக்கொண்டுதான் ஊழியம் செய்தார். 1912-ல் ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயரானதும் அந்த தோர்ணக்கல்லுக்குத்தான். அந்தக் காலத்தில் அங்கே போய்ச் சேரவே நாள் கணக்காகும். நமக்கு மெஜஸ்டிக்கில் பஸ் ஏறினால் மதியத்துக்குள் ஊர்.

பெயர் வேண்டாம். எங்கள் ஐக்கியம் ஒரு கிராமத்து ஆலயக் கூரைக்கு என்று 40,000 ரூபாய் சேர்த்துக் கொடுத்தது. ஆறு மாதம் கழித்துப் போனால் கூரை அப்படியே ஒழுகுகிறது. விசாரித்ததில் போதகர் அதில் பெரும்பகுதியைத் தன் மகள் நர்சிங் ஃபீஸுக்குக் கட்டிவிட்டார் என்று தெரிந்தது. எங்களுக்கு மனசு விட்டுப்போய்விட்டது. இனி அந்த ஊர்ப் பக்கமே போகக் கூடாது என்று சிலர் சொல்கிறார்கள்.
*வாசகர், பிரேசர் டவுன்*

உங்கள் வருத்தம் நியாயம். அவர் செய்தது தவறு, அதைத் தவறு என்றே சொல்ல வேண்டும். ஆலயத்துக்கு என்று கொடுத்த காணிக்கை, அதில் கை வைக்கக் கூடாது, காரணம் எதுவாக இருந்தாலும்.

ஆனால் போகாமல் விடாதீர்கள். இரண்டு பேர் மட்டும் போங்கள், கூட்டமாக வேண்டாம். சபையார் முன்னால் கேட்காதீர்கள், வீட்டம்மா பிள்ளைகள் முன்னால் நிச்சயமாக வேண்டாம். அவரைத் தனியாக வயல் பக்கம் கூட்டிக்கொண்டு போய், தெரிந்ததைத் தெரியும் என்றே சொல்லிப் பேசுங்கள். கோள் சொல்கிற மாதிரி மேலிடத்துக்கு முதலில் எழுதிவிட்டு அப்புறம் அவரிடம் பேசாதீர்கள், மத்தேயு 18-ல் ஆண்டவர் சொன்ன வரிசை அது கிடையாது. பேசிய பிறகு அவரும் நீங்களும் சேர்ந்து சேகர குருவிடமும் சபைக் கமிட்டியிடமும் சொல்லி, எப்படித் திருப்பிக் கட்டுவது, எத்தனை மாதத்தில் என்று எழுதிக்கொள்ளுங்கள்.

இன்னொன்றும் கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். கூரை என்று முடிவு செய்தது யார்? நீங்கள் போன அன்று மழை பெய்ததா? நான் இதைக் கேட்பதற்குக் காரணம் உண்டு. பல வருஷத்துக்கு முன்னால் நாங்கள் ஒரு சபைக்கு ஆம்ப்ளிஃபயரும் மைக்கும் வாங்கிக் கொடுத்தோம். எல்லோரும் கும்பிட்டு வாங்கிக்கொண்டார்கள். மூன்றாவது தடவை போனபோதும் அது பூப்போட்ட துணி மூடி ஓரத்தில் இருந்தது; முப்பது பேர் உட்காருகிற ஆலயத்தில் மைக் எதற்கு? நாலாவது தடவையோ ஐந்தாவது தடவையோ, பாத்திரம் கழுவிக்கொண்டிருக்கும்போது ஒரு பெண் என் காதோடு சொன்னாள், "அக்கா, கோவிலாண்ட ஒரு கக்கூஸ் இருந்தா, மாசத்துல அந்த நாலு நாளும் நாங்க ஆராதனைக்கு வருவோம்." நான்கு வருஷமாகப் போய்வந்த பெண்கள் சங்கத்துக்கு அது தோன்றவில்லை, கேட்கவும் இல்லை. அன்றைக்கு நான் திரும்பி வரும் வழியெல்லாம் அழுதேன். அடுத்த கோடையில் அதைக் கட்டினோம்.

உங்கள் போதகருக்கு மகள் ஃபீஸ் ஒரு மலை போல இருந்திருக்கும், உங்களிடம் கேட்க வாய் வந்திருக்காது. கூரைக்கு என்று நீங்கள் கொடுத்தபோது வேண்டாம் என்றும் சொல்லியிருக்க மாட்டார். இனிமேல் இரண்டையும் தனியாக வையுங்கள். கட்டட வேலை என்றால் கையில் பணம் கொடுக்காதீர்கள், சபைக் கமிட்டி கணக்கில் செக்காகப் போடுங்கள், அல்லது ஷீட்டையும் சிமெண்டையும் நீங்களே கடையில் வாங்கி பில்லைச் சபைப் பேரில் போட்டு இறக்குங்கள், சபையார் கூலி வேலையாக நாலு நாள் கொடுக்கட்டும். ஊழியர் குடும்பத்துக்கு உதவி என்றால் அதை அந்தப் பேரிலேயே, இது உங்கள் பிள்ளை படிப்புக்கு என்று வெளிப்படையாகக் கொடுங்கள். அந்தப் பெண் நர்சிங் முடிக்கட்டும். அதையும் நிறுத்திவிடாதீர்கள்.

என் அண்ணன் அமெரிக்காவில் இருக்கிறார். எங்கள் சொந்த ஊர்ச் சபைக்குச் சுற்றுச்சுவர் கட்ட இரண்டு லட்சம் அனுப்புகிறேன் என்கிறார். நேராகச் சபைக் கணக்குக்கு அனுப்பலாமா?
*வாசகி, கம்மனஹள்ளி*

அண்ணன் கையில் இருப்பது எந்தப் பாஸ்போர்ட்? இதற்கு பதில் தெரியாமல் ஒரு ரூபாயும் அனுப்பச் சொல்லாதீர்கள். அவர் இன்னும் இந்தியக் குடிமகன் என்றால், அவர் சொந்தச் சேமிப்பிலிருந்து பேங்க் வழியாக அனுப்புவது வெளிநாட்டு நன்கொடையாகக் கணக்கில் வராது, சபை வாங்கிக்கொள்ளலாம், பாஸ்போர்ட் நகலை வாங்கி ஃபைலில் வைத்துக்கொள்ளட்டும். அமெரிக்கக் குடியுரிமை வாங்கிவிட்டார் என்றால், வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கிய இந்தியருக்குக் கொடுக்கிற ஓ.சி.ஐ. கார்டு இருந்தாலும் சரி, நம் ஊரில் ஞானஸ்நானம் எடுத்தவரானாலும் சரி, 2010-ஆம் ஆண்டு எஃப்.சி.ஆர்.ஏ. என்கிற வெளிநாட்டு நன்கொடைச் சட்டப்படி அவர் வெளிநாட்டவர்தான். அந்தச் சட்டத்தில் பதிவு இல்லாத சபை அந்தப் பணத்தை வாங்கக் கூடாது.

பதிவு உள்ள ஒரு பெரிய நிறுவனம் வாங்கி ஊர்ச் சபைக்குக் கொடுக்கலாமே என்று முன்பு செய்ததை இப்போது செய்ய முடியாது. 2020 திருத்தத்துக்குப் பிறகு ஒரு நிறுவனம் வாங்கிய வெளிநாட்டுப் பணத்தை இன்னொரு நிறுவனத்துக்கு மாற்றவே கூடாது, பணமும் முதலில் டெல்லி ஸ்டேட் பேங்க் முதன்மைக் கிளைக் கணக்குக்குத்தான் வர வேண்டும். உங்கள் கணக்குக்கு அனுப்பி நீங்கள் எடுத்துக் கொடுப்பது என்ற குறுக்கு வழியும் வேண்டாம் தங்கச்சி, நாளைக்குப் பதில் சொல்ல வேண்டியது ஒன்றும் அறியாத அந்தச் சபைப் பொருளாளர். ஒரு ஆடிட்டரைப் பார்த்துவிடுங்கள். சில பேர் வரிச்சலுகை ரசீதும் கேட்கிறார்கள், மதச் சம்பந்தமான காரியங்களுக்கு அந்தச் சலுகை கிடையாது.

சுவர் அவசரம் இல்லை என்றால், இங்கே இருக்கும் ஊர்க்காரர்கள் இருபது பேர் மாதம் ஐந்நூறு போட்டாலும் இருபது மாதத்தில் அந்த இரண்டு லட்சம் சேர்ந்துவிடும், கணக்குப் போட்டுப் பாருங்கள்.

கிராமத்துக்குப் போகும்போது சுவிசேஷக் கைப்பிரதி கொடுக்கலாமா? பிரச்சினை வருமோ என்று வீட்டில் பயப்படுகிறார்கள்.
*வாசகர், கே.ஆர்.புரம்*

நீங்கள் போவது ஏற்கெனவே இருக்கிற சபையாரைத் தாங்குவதற்கு. அந்த வேலையை மட்டும் நன்றாகச் செய்யுங்கள். அரசியல் சாசனத்தின் 25-ஆம் பிரிவு மதத்தைக் கைக்கொள்ளவும் பரப்பவும் உரிமை தருகிறது, பொது ஒழுங்குக்கு உட்பட்டு. ஆனால் 1977-ல் ஸ்டானிஸ்லாஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம், பரப்பும் உரிமை என்பது இன்னொருவரை மதம் மாற்றும் உரிமை ஆகாது என்று தெளிவாகச் சொல்லிவிட்டது. நீங்கள் சாயங்காலம் பஸ் ஏறிவிடுவீர்கள், ஊரில் மனஸ்தாபம் வந்தால் அதைச் சுமக்கப் போவது அங்கேயே இருக்கிற பத்துக் குடும்பம், அவர்கள் தண்ணீர் பிடிப்பதும் அதே குழாயில்தான்.

சேகர குருவுக்குத் தெரியாமல் போகாதீர்கள். மற்ற வீட்டுப் பிள்ளைகளுக்கு இனிப்பு கொடுத்துக் கூப்பிடாதீர்கள், பெற்றோர் அனுப்பினால் சந்தோஷமாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். கண்ணாடியோ மருந்தோ கொடுத்தால் ஊரில் கேட்கிற எல்லோருக்கும், எந்த நிபந்தனையும் இல்லாமல் கொடுங்கள். யாராவது வந்து கேள்வி கேட்டால் உட்கார வைத்து டீ கொடுத்துப் பதில் சொல்லுங்கள்.

நாங்கள் கத்தோலிக்கர். மலை மாதேஸ்வரன் மலைப் பக்கம் மார்த்தள்ளி எங்கள் பூர்வீகம். நீங்கள் சொல்வதெல்லாம் எங்களுக்கும் பொருந்துமா?
*வாசகி, விவேக் நகர்*

பெயர்கள்தான் மாறும். நாங்கள் உபதேசியார் என்பதை நீங்கள் வேதியர் என்பீர்கள், சேகர குருவுக்குப் பதில் பங்குத்தந்தை. சாமியார் வர முடியாத கிளைக் கிராமங்களில் ஞாயிறன்று ஜெபம் நடத்துகிற வேதியருக்கும் இதே களைப்புதான், இதே தனிமைதான். பங்குத்தந்தையிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போய் அவரைப் பாருங்கள். பூர்வீகம் என்கிறீர்கள், உங்களுக்கு அறிமுகமே தேவை இல்லையே, போன வருஷம் எத்தனை தடவை போனீர்கள்?

பெயர், ஊர் எதுவும் போட வேண்டாம். நான் பங்காரப்பேட்டைப் பக்கம், தினமும் ரயிலில் பெங்களூர் வந்து வேலை செய்கிறேன். எங்கள் ஊர்ச் சபைக்குப் பெங்களூரிலிருந்து ஒரு குழு வருகிறது. நல்லவர்கள்தான். போன கிறிஸ்துமஸுக்கு அரிசியும் புடவையும் கொடுத்து எங்கள் அம்மாவை நிறுத்திப் படம் எடுத்தார்கள். அந்தப் படம் எங்கள் ஆபீஸில் ஒருவர் போனில் வந்தது, "இது உன் ஊர் இல்லையா?" என்று கேட்டார். அம்மாவுக்குத் தெரிந்தால் செத்துப்போவார். எங்களுக்கு இரண்டு ஏக்கர் ராகிக் காடு இருக்கிறது, அம்மா யாரிடமும் கை நீட்டினவர் இல்லை. அவர்கள் மனசு புண்படாமல் இதை எப்படிச் சொல்வது?

தம்பி, உங்கள் கடிதத்தை எங்கள் சங்கத்தில் வாசித்தேன். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அந்தக் குழு நாங்களாக இருந்திருக்கலாம் என்றுதான் ஒவ்வொருவருக்கும் தோன்றியது, ஏனென்றால் நாங்களும் அப்படிப் படம் எடுத்தவர்கள்தான். நன்கொடை கொடுத்தவர்களுக்குக் காட்ட வேண்டும், அடுத்த வருஷமும் கொடுக்க வைக்க வேண்டும் என்று ஒரு காரணம் சொல்லிக்கொள்வோம். புடவையைக் கையில் வாங்கிக்கொண்டு நிற்கிற ஒரு பெண், போட்டோ வேண்டாம் என்று எப்படிச் சொல்வாள் என்று நாங்கள் யோசித்ததில்லை.

நீங்கள் கேட்டது அவர்கள் மனசு புண்படாமல் சொல்வது எப்படி என்று. கொஞ்சம் புண்படட்டும், பரவாயில்லை. அவர்கள் நல்லவர்கள் என்று நீங்களே சொல்கிறீர்கள், நல்லவர்கள் தாங்கிக்கொள்வார்கள். குழுவில் உங்களுக்குப் பழக்கமான ஒருவரைக் கன்டோன்மெண்டிலோ சிட்டி ஸ்டேஷனிலோ வேலை முடிந்து சந்தித்து, எனக்கு எழுதியதை அப்படியே சொல்லுங்கள், ஆபீஸில் நடந்ததையும் சேர்த்து. அந்தப் படத்தை எங்கெல்லாம் போட்டார்களோ அங்கிருந்து எடுக்கச் சொல்லுங்கள், இனிமேல் யாரிடமும் கேட்காமல் படம் வேண்டாம், வாங்குகிற கையைப் படம் எடுக்கவே வேண்டாம் என்று சொல்லுங்கள். உபதேசியாரைச் சொல்ல வைக்காதீர்கள், அவரால் முடியாது. ஊர்க்காரராகவும் இருந்து பெங்களூரும் தெரிந்த உங்களைப் போன்றவர்களால்தான் இதைச் சொல்ல முடியும். இதே கடிதத்தை அந்தக் குழுவில் யாராவது வாசித்தால், தயவு செய்து தம்பி வந்து சொல்லும்வரை காத்திருக்காதீர்கள், இன்றைக்கே எடுத்துவிடுங்கள்.

அப்புறம் ஒரு யோசனை. உங்கள் சபையில் அறுப்பின் பண்டிகை நடக்கும் அல்லவா? ராகி அறுத்துக் களத்துக்கு வந்தபின் வைப்பார்கள் என்று நினைக்கிறேன். இந்தத் தடவை அந்தக் குழுவை அதற்குக் கூப்பிடுங்கள். அவர்கள் எதுவும் கொண்டு வரக் கூடாது என்று சொல்லிவிடுங்கள், மூட்டை இல்லை, பை இல்லை. உங்கள் அம்மா தன் காட்டு ராகியை முறத்தில் எடுத்துவந்து பீடத்துக்கு முன்னால் வைப்பதை அவர்கள் பார்க்கட்டும். ஆராதனை முடிந்ததும் ஏலம், கோழியும் முட்டையும் அவரைக்காயும் பூசணியும். பெங்களூர்க்காரர்கள் கை நிறையக் காசோடு வந்து ஊர் ஜனங்களோடு சரிக்குச் சரி போட்டி போட்டு ஏலம் எடுக்கட்டும், உங்கள் மாமன் விட்டுக் கொடுக்காமல் விலையை ஏற்றட்டும். கோவில் பணம் அப்படிச் சேர்ந்தால் அது உங்கள் சபையின் பணம். மத்தியானம் உங்கள் வீட்டில் களியும் அவரைக்காய்க் குழம்பும் சாப்பிட்டுவிட்டு ரயில் ஏறட்டும்.

அம்மாவிடம் படத்தைப் பற்றிச் சொல்ல வேண்டாம். பண்டிகைத் தேதி முடிவானதும் எனக்கு ஒரு வரி எழுதுங்கள், எங்கள் சங்கத்திலிருந்தும் நாலு பேர் வருகிறோம். அம்மா வைக்கிற ராகியை நான் ஏலத்தில் எடுக்கப் பார்க்கிறேன்.